ஐவிஎஃப் குழந்தைகளின் வளர்ச்சி: எதைக் கூடுதலாகப் பார்ப்பது, எதை விட்டுவிடுவது?

#1 செவிலி_தென்காசி

அங்கன்வாடிக்குப் போய்க் குழந்தைகளைப் பரிசோதிக்கும் ஆர்பிஎஸ்கே (அரசின் குழந்தைகள் நலத் திட்டம்) குழுக்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. தாய்-சேய் நல அட்டையில் 'ஐவிஎஃப்' (ஆய்வகத்தில் கருவுறச் செய்து கருப்பையில் வைப்பது) என்று குறிப்பு இருந்தால் அந்தக் குழந்தையைத் தனியாகக் கண்காணிக்க வேண்டுமா? ஒரு டாக்டர் "எல்லாப் பிள்ளையும் போலத்தான், ஒன்றும் வேண்டாம்" என்கிறார். இன்னொருவர் "ஆட்டிசம் வரும், பார்த்துக்கோங்க" என்று தாயின் முகத்துக்கு நேரே சொல்கிறார். இரண்டுமே தப்பு என்று தோன்றுகிறது. கருவியல், பச்சிளங்குழந்தை மருத்துவம், பிசியோ தெரிந்தவர்கள் தெளிவாக எழுதினால் களப்பணியில் இருப்பவர்களுக்கு உதவும். "மருத்துவரை அணுகவும்" என்ற ஒருவரிப் பதில் வேண்டாம், அதைத்தான் எல்லோரும் சொல்கிறார்களே.

#2 எண்கணக்கர்

முதலில் ஆட்டிசத்தை முடித்துவிடுவோம், பயம் அங்கேதான் அதிகம்.

பெரிய ஆதாரம் ஸ்வீடனின் பிறப்புப் பதிவேடு. 1982 முதல் 2007 வரை பிறந்த 25 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். அதில் 30,959 பேர் ஐவிஎஃப் வழியாகப் பிறந்தவர்கள். ஆட்டிசத்தில் நம்பத்தக்க வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அறிவுத்திறன் குறைபாட்டில் சின்ன வித்தியாசம் தெரிந்தது: ஒரு லட்சம் பேரை ஓராண்டு கண்காணித்தால் 39.8 என்பது 46.3 ஆனது. இரட்டையரை ஒதுக்கிவிட்டு ஒற்றையாகப் பிறந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது அந்த வித்தியாசமும் கரைந்துவிட்டது.

இந்தக் கடைசி வரிதான் முக்கியம். சதவீதத்தில் சொன்னால் "18 சதவீதம் கூடுதல்" என்று தலைப்புச் செய்தி ஆகும். உண்மையில் லட்சத்துக்கு ஆறேழு. அதுவும் பெரும்பாலும் இரட்டைக் கர்ப்பத்தின், குறைப்பிரசவத்தின் கணக்கில் சேர வேண்டியது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் பள்ளிவயதுக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2023இல் வந்தது. ஒற்றையாகப் பிறந்த ஐவிஎஃப் குழந்தைகளின் பள்ளித் தயார்நிலை, மூன்றாம் வகுப்பு எழுத்து, எண்ணறிவு எல்லாம் மற்றவர்களோடு சமமாகவே இருந்தன.

#3 கரு_ஆய்வகம்

//அதுவும் பெரும்பாலும் இரட்டைக் கர்ப்பத்தின் கணக்கில்//

பெரும்பாலும், சரி. ஆனால் "ஒற்றைப் பிள்ளைன்னா கவலையே இல்லை" என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஒற்றையாக இருந்தாலும் ஐவிஎஃப் கர்ப்பத்தில் 37 வாரத்துக்கு முன் பிறக்கும் வாய்ப்பு சாதாரணக் கர்ப்பத்தைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு.

உங்கள் ஸ்வீடன் ஆய்விலேயே இன்னொரு வரியும் இருக்கிறது. இக்ஸி (ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துவது) முறையைச் சாதாரண ஐவிஎஃப்போடு ஒப்பிட்டபோது அறிவுத்திறன் குறைபாடு கொஞ்சம் கூடுதல். விதைப்பையிலிருந்து அறுவைமூலம் விந்தணு எடுத்துச் செய்த இக்ஸியில் இன்னும் கூடுதல். அந்தக் குழுவில் குழந்தைகளின் எண்ணிக்கை குறைவு, தகப்பனின் மரபணுக் காரணமும் கலந்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தேவையில்லாத இடத்தில் இக்ஸி செய்யக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். விந்தணு எண்ணிக்கை, ஓட்டம், வடிவம் மூன்றும் சரியாக இருக்கும் தம்பதிக்கும் "முட்டை கருவுறாமல் போய்விடுமோ" என்று இக்ஸி செய்வது இன்று பல மையங்களில் வழக்கமாகிவிட்டது.

ஆய்வகமும் முற்றிலும் குற்றமற்றதல்ல. நெதர்லாந்தில் 836 தம்பதிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து, கருவை இரண்டு வெவ்வேறு வளர்ப்பு ஊடகத்தில் (கரு வளரும் சத்துத் திரவம்) வளர்த்தார்கள். 2016இல் வெளிவந்த முடிவில் ஒரு ஊடகக் குழந்தைகள் சராசரியாக 158 கிராம் குறைவாகப் பிறந்தார்கள். சில நாள் மட்டுமே தட்டில் இருந்த கரு ஒன்பது மாதம் கழித்துத் தராசில் வித்தியாசம் காட்டுகிறது. அதனால் மூளை வளர்ச்சி கெடும் என்று அர்த்தமில்லை. ஆனால் "லேப் ஒன்றுமே செய்யாது" என்று சொல்ல முடியாது.

#4 எண்கணக்கர்

ஒத்துக்கொள்கிறேன். ஒரு திருத்தம் மட்டும்: எதோடு ஒப்பிடுகிறோம் என்று பாருங்கள். கருத்தரிப்பதில் சிக்கல் உள்ள தம்பதிக்கு வயது கூடுதல், பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி), தைராய்டு, சர்க்கரை எல்லாம் இருக்கலாம். அவர்களை முதல் மாதத்திலேயே கருத்தரித்தவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் வரத்தான் செய்யும். நார்வேயில் 2008இல் ஒரு நல்ல வேலை செய்தார்கள். ஒரு பிள்ளை இயல்பாகவும் இன்னொரு பிள்ளை சிகிச்சையாலும் பெற்ற 2,546 தாய்மாரை எடுத்து, அண்ணன் தம்பிகளையே ஒப்பிட்டார்கள். பிறப்பு எடை வித்தியாசம் வெறும் 9 கிராம்.

பிறவிக் குறைபாட்டிலும் இதே கதை. தெற்கு ஆஸ்திரேலிய ஆய்வில் (2012) சிகிச்சைவழிக் குழந்தைகளுக்கு 8.3 சதவீதம், மற்றவர்களுக்கு 5.8. தாயின் வயது முதலானவற்றைச் சரிசெய்த பிறகு சாதாரண ஐவிஎஃப்பில் வித்தியாசம் மறைந்தது, இக்ஸியில் மறையவில்லை. கரு_ஆய்வகம் சொன்னதோடு இது பொருந்துகிறது.

#5 இளஞ்சிசு

களத்தில் இருப்பவர்களுக்கு மேலே உள்ள விவாதத்தைவிட முக்கியமான ஒன்று: தேதி. குறைமாதக் குழந்தையின் வளர்ச்சியைத் 'திருத்திய வயதில்' பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். பிறந்து எத்தனை மாதம் என்பதிலிருந்து, எத்தனை வாரம் முந்திப் பிறந்ததோ அதைக் கழிக்க வேண்டும். இரண்டு வயது வரை இந்தக் கழிவு உண்டு. ஆனால் ஐவிஎஃப் கர்ப்பத்தில் அந்த 'எத்தனை வாரம்' என்பதே அட்டையில் தப்பாக இருக்கக்கூடும்.

ஏன் என்று சொல்கிறேன். ஐவிஎஃப்பில் கருவின் வயது நாள் சுத்தமாகத் தெரியும். ஐந்தாம் நாள் கருவை வைத்தால், வைத்த நாளோடு 261 நாள் கூட்டினால் பிரசவ தேதி. மூன்றாம் நாள் கருவென்றால் 263. கரு உறையவைக்கப்பட்டு எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் கணக்கு இதுதான், உறைபெட்டியில் இருந்த காலம் சேராது.

ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யும்போது "கடைசியா எப்பம்மா குளிச்சே?" என்று கேட்டு அந்த மாதவிலக்குத் தேதியை எழுதிவிடுகிறார்கள். உறைகரு சுழற்சியில் கருப்பை உட்சுவர் தடிக்கும்வரை ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை நீட்டிக்கொண்டே போவார்கள். 14ஆம் நாள் தொடங்க வேண்டிய புரோஜெஸ்டரோன் (கரு வைக்கும் நாள் இதிலிருந்துதான் எண்ணப்படும்) 22ஆம் நாள் தொடங்கியிருக்கும். அங்கேயே எட்டு நாள் பிசகு. குழந்தை உண்மையில் 33 வாரம் 2 நாளில் பிறந்திருக்கும், அட்டை 34 வாரம் 3 நாள் என்று காட்டும்.

எட்டு நாளில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்கலாம். 34 வாரத்துக்குக் குறைவு அல்லது 2 கிலோவுக்குக் குறைவு என்றால் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம், குறைமாதத்தில் விழித்திரை கெடலாம். மேலே சொன்ன குழந்தை 2.1 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையிலும் தப்பிவிடும், அட்டை வாரத்திலும் தப்பிவிடும், யாரும் கண்ணைப் பார்க்க மாட்டார்கள். முதல் பரிசோதனை பிறந்த 30 நாளுக்குள் நடக்க வேண்டும். 28 வாரத்துக்குக் குறைவாகவோ 1,200 கிராமுக்குக் குறைவாகவோ இருந்தால் இரண்டு மூன்று வாரத்திலேயே. லேசர் போட வேண்டிய கட்டம் வந்துவிட்டால் அவகாசம் இரண்டு மூன்று நாள்தான். பார்வை போன குழந்தைக்குக் கை எட்டுவதும், தவழ்வதும், முகம் பார்த்துப் பழகுவதும் எல்லாமே தள்ளிப்போகும். பிறகு அதற்கு 'வளர்ச்சித் தாமதம், ஐவிஎஃப்' என்று பெயர் வைப்போம்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஐந்தாம் நாள் கரு, வைத்தது 2024 மார்ச் 1. பிரசவ தேதி நவம்பர் 17. குழந்தை செப்டம்பர் 22 பிறந்தால் சரியாக 56 நாள் முந்தி, அதாவது 32 வாரம். 2025 மார்ச் 22 அன்று அதன் வயது ஆறு மாதம், திருத்திய வயது நான்கு மாதம் ஐந்து நாள். அன்றைக்கு "ஆறு மாசம் ஆச்சு, இன்னும் உட்காரவே எத்தனிக்கலையே" என்று பதற வேண்டியதில்லை. ஆனால் தலை நிற்கவில்லை என்றால் பார்க்க வேண்டும்.

தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழிவு கிடையாது. பிறந்த தேதியிலிருந்தே 6, 10, 14 வாரம். "குறைமாசக் குழந்தை, தேறட்டும்" என்று தள்ளிப்போடுவது பெரிய தப்பு.

#6 செவிலி_தென்காசி

இந்தக் கரு வைத்த தேதி எங்கள் கைக்கு வருவதே இல்லையே. மகப்பேறு மருத்துவமனை டிஸ்சார்ஜ் தாளில் "ஐவிஎஃப் கன்செப்ஷன்" என்று ஒற்றை வரிதான்.

#7 கரு_ஆய்வகம்

கேட்டால் கொடுப்பார்கள், யாரும் கேட்பதில்லை. சிகிச்சை மையத்திலிருந்து ஒரே ஒரு பக்கம் வாங்கி அட்டையோடு இணைக்கச் சொல்லுங்கள். கரு வைத்த தேதி, அன்றைக்குக் கருவின் வயது எத்தனை நாள், புதுக்கருவா உறைகருவா, ஐவிஎஃப்பா இக்ஸியா, எத்தனை கரு வைத்தார்கள், முதல் ஸ்கேனில் கருவைச் சுற்றிய பை எத்தனை தெரிந்தது. இந்த ஆறும் போதும்.

கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். முதல் ஸ்கேனில் இரண்டு பை தெரிந்து, ஒன்று கரைந்துபோய், ஒற்றையாகப் பிறந்திருக்கும். அந்தக் குழந்தைக்குக் குறைமாதம், குறைஎடை வாய்ப்பு சாதாரண ஒற்றையைவிடக் கூடுதல். ஒரே நஞ்சுக்கொடியைப் பங்கிட்ட இரட்டையில் ஒன்று நடுவில் இறந்தால், தப்பிய குழந்தையின் மூளையை ஸ்கேன் செய்தே ஆக வேண்டும். ஒரு கரு வைத்தாலும் அது பிளந்து இரட்டையாகலாம், ஐந்தாம் நாள் கருவில் கொஞ்சம் அதிகமாகவே நடக்கும்.

#8 பொறுமைசாலி

அட்டையில் எழுதினால் ஊரெல்லாம் தெரிந்துவிடும் என்று நிறைய பேர் மறைக்கிறார்கள். மாமியாருக்கே தெரியாமல் சிகிச்சை எடுப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு என்ன வழி?

#9 இளஞ்சிசு

அட்டையில் 'ஐவிஎஃப்' என்ற சொல்லே தேவையில்லை. 'உறுதி செய்யப்பட்ட பிரசவ தேதி' என்று சரியான தேதியை எழுதினால் போதும், கணக்கு அதில் அடங்கிவிடும். மீதி விவரம் குழந்தை மருத்துவரின் கோப்பில் இருக்கட்டும். கருமுட்டை தானமாகப் பெற்றது என்றால் அதையும் மருத்துவரிடம் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பெற்ற தாயின் குடும்பத்தில் இருக்கும் நோயைக் குழந்தையின் பரம்பரை நோயாக எழுதிவைக்கும் குழப்பம் அப்போதுதான் வராது.

#10 தவழ்நடை

பிசியோ பக்கத்திலிருந்து. வளர்ச்சி தாமதம்னு அனுப்பப்படுற ஐவிஎஃப் குழந்தைங்கள்ல ஒரு பகுதிக்கு மூளையில எந்தக் கோளாறும் இருக்காது. பிள்ளையைத் தரையில விட்டிருக்க மாட்டாங்க, அவ்வளவுதான். பத்து வருஷம் தவமிருந்து பெத்த பிள்ளை, மடியை விட்டு இறக்க மனசு வராது. பகலெல்லாம் மடி, தூக்கம் தூளி, சாப்பாடு போன்ல பாட்டு போட்டு. கழுத்துக்கும் முதுகுக்கும் வேலையே இல்லாட்டி அது எப்படி நிக்கும்?

குப்புறப் போடுறதை வீட்டுக்கு வந்த நாள்லேருந்தே தொடங்கலாம். முழிச்சிருக்கும்போது மட்டும், யாராவது பக்கத்துல இருக்கணும். பால் குடிச்ச உடனே போட்டா கக்கிடும், அரைமணி போகட்டும். முதல்ல மூணு நாலு நிமிஷம், நாளைக்கு ரெண்டு மூணு தடவை. அழுதா நெஞ்சுக்கு அடியில துண்டைச் சுருட்டி வைங்க, இல்லாட்டி உங்க நெஞ்சு மேலயே குப்புறப் போடுங்க. ரெண்டு மாசத்துக்குள்ள நாள் மொத்தத்துக்கும் அரைமணி வந்துடணும். தூங்குறது எப்பவும் மல்லாக்கதான், அதுல சமரசமே இல்லை.

தூளி கெட்டதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா குறைமாசக் குழந்தைக்கு முதல் மாசங்கள்ல துணி வளைஞ்சு தாடை நெஞ்சுல முட்டும், மூச்சுக் குழாய் மடங்கும். வாக்கர் வண்டி வேண்டவே வேண்டாம். கனடாவுல 2004லேயே விற்கத் தடை போட்டுட்டாங்க. நடையைச் சீக்கிரம் கொண்டுவராது, படியில உருட்டித்தான் விடும்.

எதைக் கண்டா உடனே அனுப்பணும்? எல்லாமே திருத்திய வயசு. ரெண்டு மாசம் முடிஞ்சும் முகம் பாத்துச் சிரிக்கல. நாலு மாசத்துல தலை நிக்கல. ஒன்பது மாசம் தாண்டியும் பிடிக்காம உட்காரல. பதினெட்டு மாசத்துல நடக்கல. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது. தெரியாம விட்டுப்போறது ரெண்டு. ஒண்ணு, ஒரு வயசுக்குள்ள ஒரே கையை மட்டும் நீட்டுறது. "பாருங்க, இப்பவே சோத்துக்கை பழக்கம்"னு பாட்டி பெருமைப்படுவாங்க. அந்த வயசுல கைப்பழக்கம் வரக் கூடாது, வந்தா மறுகையில பலம் குறைவா இருக்கலாம். ரெண்டாவது, டயப்பர் மாத்தும்போது கால் ரெண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கிறது.

நம்ம ஆளுங்க இதையெல்லாம் எப்பவோ கவனிச்சு வெச்சிருக்காங்க. பிள்ளைத்தமிழ்ல செங்கீரைப் பருவம் ஐந்தாம் மாசம்: கையை ஊன்றி, ஒரு காலை மடக்கி, தலையைத் தூக்கி ஆடுறது. சப்பாணி ஒன்பதாம் மாசம்: உட்கார்ந்து கைகொட்டுறது. உட்கார்றதும் ரெண்டு கையும் நடுவுல சேர்றதும் ஒண்ணா வரணும்கிறதை இன்னிக்கும் அப்படியே பாக்குறோம்.

#11 இளஞ்சிசு

தவழ்நடைக்கு நன்றி. 32 வாரத்துக்குக் குறைந்தவர்களுக்கு ஆறு மாதம் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதையும் சேர்க்கிறேன். திருத்திய வயது 12 முதல் 16 வாரத்தில் எடுக்கும் ஒரு வீடியோ பெருமூளை வாதத்தை நன்றாகவே முன்கூட்டிச் சொல்லும். குழந்தையை மல்லாக்கக் கிடத்தி, கை கால் தெரியும்படி லேசான உடை போட்டு, தலை முதல் கால் வரை சட்டகத்தில் வரும்படி மேலிருந்து மூன்று முதல் ஐந்து நிமிடம் எடுக்க வேண்டும். பசி, அழுகை, தூக்கம் கூடாது. சூப்பான், பொம்மை கூடாது. "கண்ணா, இங்க பாரு" என்று யாரும் கொஞ்சக் கூடாது. பாதி வீடியோ இதனால்தான் வீணாகிறது. கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் எல்லாம் எல்லாத் திசையிலும் சிறு சிறு அசைவாகத் துள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தச் சிற்றசைவு இல்லாவிட்டால் பயிற்சி பெற்றவர் பார்க்க வேண்டும். கூடவே ஹேமர்ஸ்மித் நரம்புப் பரிசோதனை, மொத்தம் 78 புள்ளி. மூன்று மாதத்தில் 57க்குக் குறைந்தால் கவலைக்குரியது.

தலை ஸ்கேன் பற்றி ஒரு வார்த்தை. முதல் வாரத்தில் எடுத்த ஸ்கேன் 'நார்மல்' என்று நிம்மதியடைந்து விட்டுவிடுகிறார்கள். ரத்தக்கசிவு அப்போது தெரியும். மூளையின் வெண்பொருள் (நரம்பிழைகள் உள்ள பகுதி) சிதைவு குழிகளாகத் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதனால் நான்காம் வாரத்திலும், பிரசவ தேதியை ஒட்டியும் இன்னொரு முறை எடுக்க வேண்டும்.

இரும்புச் சத்து சொட்டு மருந்திலும் ஒரு வழக்கமான பிழை. கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் தனிம இரும்பு என்பது குறைமாதக் குழந்தைக்கான வழக்கமான அளவு, ஒரு வயது வரை. வீட்டுக்கு வரும்போது 1.8 கிலோ, 3.6 மில்லிகிராம் என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஐந்து கிலோ ஆன பிறகும் அதே சொட்டு ஓடிக்கொண்டிருக்கும். கடையில் வேறு நிறுவன மருந்து கொடுத்தால் ஒரு மில்லியில் உள்ள அளவும் மாறிவிடும். ஒவ்வொரு தடுப்பூசிக்கும் எடை பார்க்கும்போதே சொட்டையும் திருத்துங்கள். இரும்புக் குறைவு நீடித்தால் கவனம், பேச்சு இரண்டிலும் அடிபடும்.

#12 செவிலி_தென்காசி

எம்-சாட் (ஆட்டிசத்துக்கான முதற்கட்டச் சோதனை) வினாத்தாளை எல்லா ஐவிஎஃப் குழந்தைக்கும் போடலாமா? தமிழ் வடிவம் கையில் இருக்கிறது.

#13 எண்கணக்கர்

போடுங்கள். ஐவிஎஃப் என்பதால் அல்ல, 16 முதல் 30 மாதத்தில் எல்லாக் குழந்தைக்கும் போட வேண்டியது அது. 20 கேள்வி. புள்ளி 2 வரை வந்தால் விடலாம், 3 முதல் 7 என்றால் தொடர்கேள்விப் பகுதியைக் கேட்டு மறுபடி எண்ண வேண்டும், 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேரே அனுப்ப வேண்டும். களத்தில் நடக்கும் தப்பு: 'இல்லை' என்ற பதிலை மட்டும் எண்ணிக்கொண்டே போவார்கள். 2, 5, 12 மூன்றும் தலைகீழ், அவற்றில் 'ஆம்' என்பதுதான் புள்ளி. காது கேட்கவில்லையோ என்று சந்தேகித்ததுண்டா, கண்ணருகே விரலை விநோதமாக ஆட்டுமா, சாதாரணச் சத்தத்துக்கு அரளுமா என்ற மூன்று. அரசுக்குழு கொண்டுபோகும் திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டையில் ஒவ்வொரு கோடும் ஒரு திறன் வரவேண்டிய வயது வரம்பு. அதில் பென்சிலைத் திருத்திய வயதில் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கம் முழுதாக முடிந்துவிட்ட கோடு எதையாவது குழந்தை செய்யாவிட்டால் தாமதம். பென்சில் நடுவே வெட்டும் கோட்டுக்குக் கவலை வேண்டாம், அங்கே இன்னும் நேரம் இருக்கிறது.

#14 தவழ்நடை

பேச்சு தாமதம்னா முதல்ல காது. தீவிர சிகிச்சையில அஞ்சு நாளுக்கு மேல இருந்த குழந்தைக்கு ஓஏஈ (காதுக்குள்ள ஒலி அனுப்பி எதிரொலியைப் பாக்குற சோதனை) மட்டும் பத்தாது, மூளைத்தண்டு கேட்புச் சோதனையும் வேணும். ஓஏஈ உட்செவி வரைக்கும்தான் சொல்லும், நரம்புல கோளாறு இருந்தா 'பாஸ்' காட்டிடும். ஒரு மாசத்துக்குள்ள சோதனை, மூணு மாசத்துக்குள்ள உறுதி, ஆறு மாசத்துக்குள்ள கருவி. "அவங்க தாய்மாமனும் நாலு வயசுலதான் பேசினான்"னு சொல்லிச் சொல்லியே இந்தக் காலம் போயிடும்.

#15 பொறுமைசாலி

ஒரு சந்தேகம். செலவு இவ்வளவு ஆகும்போது இரண்டு கரு வைத்து ஒரே தடவையில் இரட்டையாகப் பெற்றுக்கொண்டால் என்ன தப்பு? பல மையங்களில் அவர்களே சொல்கிறார்களே.

#16 கரு_ஆய்வகம்

இந்த இழை முழுக்க நாம் பேசிய ஆபத்தில் பாதி அந்த ஒரு முடிவில் இருக்கிறது. இரட்டைக்குச் சராசரி 35, 36 வாரம். மூன்று என்றால் 32ஐ ஒட்டி. ஐவிஎஃப் சிகிச்சைக்கு ஆன செலவைவிடப் பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஆகும் செலவு கூடிவிடும், அதைச் சிகிச்சைக்கு முன்னால் யாரும் தாளில் போட்டுக் காட்டுவதில்லை.

ஸ்வீடனில் 2003 முதல் ஒற்றைக் கருதான் விதி, விதிவிலக்கு மிகக் குறைவு. நான்கில் ஒன்று என்றிருந்த இரட்டைப் பேறு இருபதில் ஒன்றாக இறங்கியது. டென்மார்க், பின்லாந்து, ஸ்வீடன் மூன்றின் பதிவேட்டையும் சேர்த்துப் பார்த்தால், சிகிச்சைவழிக் குழந்தைகளில் பெருமூளை வாதம் 1990களின் தொடக்கத்தில் ஆயிரத்துக்கு 12.5 இருந்தது, 2011–14இல் 3.4. பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு தேறியதால் இயல்பாகக் கருத்தரித்தவர்களிடமும் இறங்கியது, ஆனால் இவ்வளவு செங்குத்தாக இல்லை. ஆய்வகத் தட்டு மாறியதால் வந்ததல்ல இது. கருப்பையில் வைக்கும் கருவின் எண்ணிக்கை இரண்டிலிருந்து ஒன்றானது.

ஐந்தாம் நாள் வரை வளர்த்து, நல்ல தரக் கரு ஒன்றை வைத்து, மற்றதை உறையவைத்து, தேவைப்பட்டால் அடுத்த மாதம் வைக்கலாம். இரண்டு தடவை ஒவ்வொன்றாக வைப்பதன் மொத்த வெற்றி, ஒரே தடவை இரண்டு வைப்பதற்குக் கிட்டத்தட்ட இணை.

#17 இளஞ்சிசு

ஏற்கெனவே இரட்டை உருவாகிவிட்டால் பயமுறுத்துவதில் பயனில்லை. 34 வாரத்துக்கு முன் வலி வந்தால் குழந்தையின் நுரையீரலுக்காகத் தாய்க்கு டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணிக்கு ஒன்றாக நான்கு ஊசி. 32 வாரத்துக்கு முன் என்றால் குழந்தையின் மூளைக்காக மெக்னீசியம் சல்பேட். இரண்டும் அரசு மருத்துவமனையிலேயே உண்டு. ஆகவே பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள இடத்துக்கு வயிற்றில் குழந்தை இருக்கும்போதே போய்விட வேண்டும், பெற்ற பிறகு ஆம்புலன்ஸில் அல்ல.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. 'அருமைக் கர்ப்பம்' என்று 37 வாரம் தொட்டதும் நாள் நட்சத்திரம் பார்த்து சிசேரியன். ஒற்றைக் கர்ப்பத்தில் மருத்துவக் காரணம் இல்லாவிட்டால் 39 வாரம் முடியட்டும். 37இல் வலி வராமல் எடுத்த குழந்தை மூச்சுத் திணறி, தாயிடமிருந்து பிரிந்து, பால் தாமதமாகி, சர்க்கரை இறங்கும். இரண்டாம் மணி நேரத்தில் தொடங்கி 6, 12, 24, 48, 72 மணியில் குதிகால் குத்திப் பார்க்க வேண்டிய குழந்தைகள் உண்டு: எடை குறைந்தவை, அளவுக்கு மீறிப் பெரியவை, சர்க்கரை உள்ள தாயின் குழந்தைகள். சர்க்கரை 45 மில்லிகிராமுக்குக் கீழே போய் வலிப்பு வந்தால் மூளையின் பின்பகுதி கெடலாம். பார்வை, வலிப்பு, படிப்பு மூன்றும் பிறகு அவதி. உறைகருக் குழந்தைகள் சற்றுப் பருமனாகப் பிறப்பது தெரிந்த விஷயம். "கொழுகொழுன்னு இருக்கு, இதுக்கு என்ன டெஸ்டு" என்று விட்டுவிடுவது இவர்களைத்தான்.

#18 கரு_ஆய்வகம்

பெரிதாகப் பிறந்த குழந்தையில் இன்னொன்று, மிக அரிது, ஆனால் ஐவிஎஃப்பில் பல மடங்கு கூடுதல்: பெக்வித்-வீடமன் என்ற மிகைவளர்ச்சிக் குறைபாடு. வாயில் கொள்ளாத நாக்கு, காது மடலில் கீறல், தொப்புள் பிதுக்கம், ஒரு பக்கக் கை காலே பெரிதாக இருப்பது, பிறந்ததும் சர்க்கரை இறங்குவது. ஐவிஎஃப் குழந்தைகளிலும் நாலாயிரத்தில் ஒன்று அளவுதான். இதில் அறிவு வளர்ச்சி பெரும்பாலும் சரியாகவே இருக்கும், சர்க்கரை இறங்கியதைக் கவனிக்காவிட்டால் மட்டும் கெடும். சிறுநீரகக் கட்டி வரக்கூடும் என்பதால் ஏழெட்டு வயது வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன். சந்தேகம் வந்ததும் 'குரோமோசோம் டெஸ்ட்' எழுதிவிடுகிறார்கள், அது நார்மலாகத்தான் வரும். கேட்க வேண்டியது 11ஆம் குரோமோசோமின் மெத்திலேற்றச் சோதனை (மரபணு மேலுள்ள வேதிக்குறிகளைப் பார்ப்பது). ரத்தத்தில் நார்மல் வந்தாலும் அறிகுறி தெளிவாக இருந்தால் கன்னத்து உட்பூச்சில் மறுபடி பார்க்க வேண்டும்.

#19 செவிலி_தென்காசி

எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் நிறைமாதம், ஒற்றை, 2.5 கிலோவுக்கு மேல், சர்க்கரை இறங்கவில்லை என்றால் ஐவிஎஃப் என்பதற்காகத் தனிப் பட்டியல் வேண்டாம். குறைமாதம், இரட்டை, தீவிர சிகிச்சையில் இருந்தது என்றால் எந்தக் கருத்தரிப்பானாலும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு. சரியா?

#20 இளஞ்சிசு

சரி. மூன்று வயதுக்கு மேல் வருடம் ஒருமுறை ரத்த அழுத்தம் பார்ப்பதை மட்டும் ஐவிஎஃப் குழந்தைகளுக்கு விடாதீர்கள், சில ஆய்வுகளில் பதின்பருவத்தில் சற்றுக் கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. கையில் சுற்றும் பட்டையின் காற்றுப்பை அகலம் மேற்கைச் சுற்றளவில் 40 சதவீதம் இருக்க வேண்டும். பெரியவர் பட்டையைச் சுற்றினால் அளவு குறைத்துக் காட்டும்.

#21 கரு_ஆய்வகம்

இக்ஸியில் பிறந்த ஆண் குழந்தைக்கு விதை இறங்கியிருக்கிறதா, சிறுநீர்த் துளை நுனியில் இருக்கிறதா என்பதையும் முதல் பரிசோதனையிலேயே பாருங்கள். ஆறு மாதம் வரை இறங்காவிட்டால் அறுவை மருத்துவரிடம், ஒன்றரை வயதுக்குள் முடித்துவிட வேண்டும். இறங்கிற்றா என்று பார்ப்பதற்கும் திருத்திய வயதுதான் கணக்கு. தகப்பனுக்கு ஒய் குரோமோசோமில் சிறுதுண்டு இழப்பு இருந்திருந்தால் அது மகனுக்கும் அப்படியே போகும், அந்த அறிக்கையை வீசிவிடாமல் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள்.

#22 தவழ்நடை

வீடியோ பத்திக் கேட்டு தனிமடல் நிறைய வருது, இங்கயே சொல்லிடறேன். ஃபேன் வேகமா ஓடும்போது எடுக்காதீங்க, துணி அசையறதும் கை அசையறதும் கலந்து தெரியும். கீழ ஒரே நிறப் போர்வை விரிங்க, பூப்போட்டது வேண்டாம். வாட்ஸப்ல நேரா அனுப்பினா தெளிவு குறைஞ்சிடும், 'டாகுமெண்ட்'னு இணைச்சு அனுப்புங்க. பேர் வேண்டாம், திருத்திய வயசு எத்தனை வாரம்னு மட்டும் எழுதுங்க.